தம்பிக்கு அனுப்பிய கசெற்

எண்பத்துநாலு வாக்கில் சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில் இருந்தபோது நடந்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதம் போடுவதென்றால் என் கணவரைத்தான் கெஞ்ச வேண்டும். நான் அரை மணி நேரம் சொன்னால் அவர் இரண்டு வரி எழுதுவார். "மிச்சமெல்லாம் வீண் கதையப்பா" என்பார்.

அதனால் பழைய சாமான் கடையில் ஒரு ரேப் ரெக்கோடரைக் கண்டதும் நான் விடவில்லை. வீட்டில் பொத்தானை அமத்திப் பேசினேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது! அந்தச் சந்தோசத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பிக்கு ஒரு மணி நேரக் கசெற்றை நிரப்பினேன். பனி, பாண், பாற்கட்டி நாற்றம் ஒன்றையும் விடவில்லை. என்னோடு பள்ளிக்கூடம் துப்புரவாக்கிய சுவிஸ்காரி, தரை துடைத்த பிறகு வாளியையும் துடைத்து மினுக்குவாள். அவளைப்போல நடித்து, என் பகிடிக்கு நானே சிரித்தேன். கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

"எங்கட வீட்டை வந்து சாப்பிட்ட பெடியள் இப்பவும் வாறவங்களோடா? அந்த நெட்டையனுக்கு என்ர மீன்குழம்பெண்டா உயிர்" என்று சொல்லி, அதற்கும் சிரித்தேன்.

ஊரில் ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பெடியன்கள் பசியோடு படலையில் வந்து நிற்பார்கள். இல்லையென்று சொல்லப் பயம், மனமும் வராது. சோறு போட்டது ஆமிக்குத் தெரிந்தால் அது இன்னொரு பயம். அதனால் வாயைத் திறக்காமல் சமைத்தோம், வாயைத் திறக்காமல் கோப்பை கழுவினோம். இங்கே வந்து எட்டு மாதத்தில் எனக்கு அது மறந்து போயிற்று.

தபால் கந்தோரில் கசெற் பார்சலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்த தம்பியை வழியில் ஆமி மறித்திருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவனை வைத்துக்கொண்டு முழுவதையும் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

ஊரிலிருந்து அம்மா ஆரையோ கொண்டு எழுதிய கடிதத்தை என் கணவர் குசினியில் நின்று வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னவாம்? சொல்லுங்கோவன்."

"உன்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம். கசெற்றாலதானாம்."

உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் ஐந்து கிழமை போனது. நான் வேலைக்குப் போனேன், தரை துடைத்தேன். ஒருவரோடும் ஒரு சொல் பேசவில்லை. அந்தச் சுவிஸ்காரி தன் ஆப்பிளில் பாதியை வெட்டி என் கையில் வைத்துவிட்டுப் போவாள். பிறகு தம்பியை விட்டார்கள். இடது காது கேட்காது.

பல வருடம் கழித்துத்தான் தொலைபேசியில் கேட்டேன், அங்கே என்ன நடந்ததென்று.

"அக்கா, திரும்பத் திரும்ப அதைத்தான் போட்டவங்கள். ஆரடா நெட்டையன் எண்டு கேட்டு அடிச்சவங்கள். நீ சிரிக்கிற இடம் வரேக்கை எனக்குத் தெரியும், அடுத்தது அடியெண்டு."

"என்னாலதானேடா."

"விசரி, நீ என்ன பொய்யே சொன்னனீ? பசிச்சவனுக்குச் சோறு போட்டதைத்தானே சொன்னனீ."

இப்போது எனக்கு ஆறு பேரப்பிள்ளைகள், நாள் முழுக்கக் கதையும் சிரிப்பும்தான். ஆனால் தொலைபேசியில் நான் பலத்துச் சிரித்துவிட்டால் தம்பி ஒரு கணம் பேச்சில்லாமல் போய்விடுவான். அந்த ஒரு கணம் அவனுக்கு இன்னும் அடி விழுகிறது.