ஏழாவது வாளி

வயலில் யானை விரட்டுவதற்காக என் கணவர் வளர்த்த நாய் வீரன். இறக்காமம் ஊரில் எங்கள் வீட்டு வாசற்படிக்கு வெளியேதான் அதன் இடம். அறுவடை நெல் மூட்டைகளை வீட்டு முன் ஹோலில் அடுக்கியதும் அவர் மெல்லக் கேட்டார்.

"நெல்லு மணத்துக்கு யானை வீட்டையும் உடைக்கும் புள்ள. வீரன உள்ள கட்டுவமா?"

"கட்டுங்க. அது நக்கின இடத்தையெல்லாம் ஏழு தரம் கழுவுறது ஆரு, நீங்களா?"

நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால் கழுவுவது எங்கள் மார்க்கம். வாளி தூக்குவது நான்தானே!

மறுநாள் மாலை அவர் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரம் யானை வந்தது. அது ஹோல் ஜன்னலைப் பிடுங்கியபோது நான் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி நின்றேன். வீரன் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து, அதன் கால்களைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. யானை காலைத் தூக்கியும் வீரன் விலகவில்லை. அக்கம்பக்கத்தார் வெடி கொளுத்திக்கொண்டு ஓடிவர, யானை திரும்பி நடந்தது. ஒரு மூட்டைகூடப் போகவில்லை.

கண்ணாடி குத்தி வீரனின் காலில் இரத்தம். ஆனாலும் வழக்கம்போல் படிக்கு வெளியிலேயே நின்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வா மகன், உள்ள வா."

கணவர் வந்தபோது நான் ஹோலில் அதன் காலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவரின் கையில் வாளியைக் கொடுத்தேன். வீரன் நக்கிய தரையை எண்ணி எண்ணிக் கழுவினார். ஏழாவது வாளியை ஊற்றி நிமிர்ந்தார். வீரன் எட்டி அதே இடத்தை நக்கியது.

"திரும்ப ஒண்ணுல இருந்து தொடங்குங்க," என்றேன்.

நான் வெறுத்தது நாயை அல்ல, வாளியைத்தான் என்பது அன்றுதான் எனக்கே விளங்கியது. வீரன் இப்போது உள்ளேதான் படுக்கிறது. வாளி அவர் கையில்.