அப்பா பெயரில் ஒரு சாய்கோடு

உலகமே பயன்படுத்தும் ஓர் இலவச மென்பொருளில், கோப்புக்குப் பெயர் வைக்கும் சின்ன நிரலை இன்று திருத்தி அனுப்பினேன். சாய்கோடு வந்தால் அது பாதிப் பெயரை விழுங்கிக்கொண்டிருந்தது.

சரிபார்க்கும் வெளிநாட்டுக்காரர், "பெயரில் யார் சாய்கோடு போடுவார்கள்?" என்று கேட்டார்.

மலேசியத் தமிழர்கள் என்றேன்; இங்கே இன்னாரின் மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி. சோதனைக்கு அப்பா பெயரையே கொடுத்தேன்: முனியாண்டி ஏ/எல் காத்தமுத்து.

ஏற்றுக்கொண்டார்!

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இனிமே யாரு அதுல கை வெச்சாலும், உங்க பேர போட்டுத்தான் டெஸ்ட் பண்ணுவாங்கப்பா."

அப்பா பதறினார். "நான் பாஸா பெயிலா, அத சொல்லு லா!"

"பாஸுப்பா."

அம்மா முகம் மாறியது. "அப்போ என் பேரு?"

"ஏ/பி-க்கும் அதே கோடுதான்மா."

"கோடு ஒன்னுதான். ஆளு வேற."

அம்மா பெயரோடு இரண்டாவது திருத்தமும் போய்விட்டது. அடுத்து யார் பெயர், சொல்லுங்கள்.