பட்டம்மா டோக்கன் வாங்கிய நாள்

போன வாரம் ஆவடி ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மகளின் மதிப்பெண் பட்டியலுக்கு நான்கு நகல் வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் எதையோ லேமினேஷன் போடக் கொடுத்திருந்தார். மெஷினிலிருந்து தாள் வழுக்கிக்கொண்டு வரும்போது சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. கடைக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்து, "மேடம், உங்களுதும் போட்டுறலாமா? தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆவாது" என்றார். வேண்டாம் என்றேன். நகல்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகும் அந்த வாசனை மூக்கிலேயே இருந்தது.

அந்த வாசனை எனக்கு நர்சிங் டிப்ளமோவின் வாசனை. மூன்று வருடப் படிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நேராக லேமினேஷன் கடைக்குப் போனோம். நோயாளியின் நாடித்துடிப்பை எண்ணத் தெரிந்துவிட்டது, உலகத்தில் இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அந்தச் சூடான தாளை மாறி மாறிக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு நின்றவர்களில் நானும் ஒருத்தி, கோமளா ஒருத்தி.

கோமளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் சென்னீர்குப்பம். அப்பா இல்லை. அம்மா பட்டம்மா, சின்ன வயதில் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர். வயல்கள் மனைகளான பிறகு, துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சட்டைகளின் பிசிறு நூலை வெட்டும் வேலைக்குப் போனார். எங்கள் வீடு ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. நான் வேலை தேடினேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. கோமளா தேடினாள், நான் கூடப் போனேன்.

அம்பத்தூரில் ஒரு தெரு விடாமல் நடந்தோம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரே கேள்வி: அனுபவம் இருக்கிறதா? ஏழாவதோ எட்டாவதோ இடத்தில் கோமளாவுக்கு அலுத்துவிட்டது. "எல்லாரும் அனுபவம் கேட்டா அது எங்க சார் விக்குது?" என்று கேட்டாள். அங்கே எங்களுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த தெருவில் கிடைத்தது.

தொழிற்பேட்டையை ஒட்டி, ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய முப்பது படுக்கை ஆஸ்பத்திரி அது. பெயர் எதற்கு, இப்போது அதைச் சொல்லி ஆகப்போவது எதுவுமில்லை. மேனேஜர் எங்களை உட்காரவைத்து, "ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டுப் போங்க. ரெண்டு வருஷம் வேல பாக்கணும். அப்புறம் திருப்பித் தருவோம்" என்றார். பழக்கிவிட்டவுடன் பெண்கள் வேறு இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நாங்கள் சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். உண்மையைச் சொன்னால், நம்முடைய தாளை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டும் அளவுக்கு நாம் முக்கியமாகிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஆஸ்பத்திரிக்கு வாசலில் ஒரு வாசனை, உள்ளே ஒரு வாசனை. உள்ளே ஸ்பிரிட்டும் பினாயிலும். வாசலில் மெஷின் எண்ணெய். பட்டறைகளிலிருந்து வருகிறவர்கள் எண்ணெய்க் கையோடு வருவார்கள். பிரஸ் மெஷினில் விரல் மாட்டியவர்கள், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர்கள், வெல்டிங் வெளிச்சத்தில் கண் சிவந்தவர்கள். பாடப்புத்தகத்தில் கைகள் சுத்தமாக இருந்தன, நரம்பு நீலக்கோடாகத் தெரிந்தது. இங்கே ஸ்பிரிட் போட்டு நாலு தடவை துடைத்தால்தான் தோலே தெரியும்.

முதல் மாதம் எனக்குக் குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தவே வரவில்லை. நரம்பு எங்கே என்று குனிந்து தேடிக்கொண்டே இருப்பேன். காய்ச்சலில் படுத்திருந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் மூன்றாவது குத்தலில் கண்ணைத் திறந்து, "சிஸ்டர், நீ இன்னாத்துக்கு பயப்படற? ஊசி எனக்குத்தானே" என்றார். கோமளா வந்து என் தோளை லேசாக நகர்த்திவிட்டு ஒரே தடவையில் குத்திவிட்டுப் போனாள். வெளியே வந்ததும், "நரம்பப் பாக்காதடி, தொட்டுப் பாரு. எங்க அம்மா நூலு தேடற மாதிரி" என்றாள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் நான் கண்ணை நம்புவதில்லை, விரலைத்தான் நம்புகிறேன்.

அங்கே ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். இரண்டாவது மாதமோ என்னவோ, லீவு படிவக் கட்டை எடுத்துவரச் சொல்லி என்னை மேனேஜர் அறைக்கு அனுப்பினார். "பீரோ சாவி நம்ம நர்ஸ் மேஜ டிராயர்ல, பழைய சார்ட்டுக்கு அடியில இருக்கும். எடுத்துத் தொறந்துட்டு அங்கயே வெச்சுரு" என்றார். திறந்தேன். மேல் தட்டில் எல்லோருடைய சான்றிதழ்களும் பழுப்பு உறைகளில் அடுக்கியிருந்தன. எங்களுடையது மேலேயே இருந்தது. பார்த்துவிட்டு மூடினேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கோமளாவிடமும். சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

ஒன்பது மாதம் போயிருக்கும். கோமளாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசலோடு வர வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவள் போய் மேனேஜரிடம் கேட்டாள். அவர், "பீரோ சாவி டாக்டர்கிட்ட இருக்கு. டாக்டர் ரொம்ப பிசி. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். மறுநாளும் கேட்டாள், அதே பதில். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. மதியம் சாப்பிடும்போது, "விடுடி. அடுத்த தபா வந்தாப் போய்க்கலாம்" என்றாள். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள்.

சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் பட்டம்மா வந்தார். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தலை பின்னி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் அன்றைக்குப் புறநோயாளிகள் மேஜையில், டோக்கன் எழுதும் வேலை. அவர் நேராக மேனேஜரிடம் போனார், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார், வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் பின்னாலேயே வந்து, "இது ஆஸ்பத்திரிம்மா. பேஷண்ட் உக்கார்ற எடம். தர்ணா பண்ற எடம் இல்ல" என்றார்.

பட்டம்மா எழுந்து என் மேஜைக்கு வந்தார். "பாப்பா, டாக்டரப் பாக்கறதுக்கு ஒரு டோக்கன் குடு" என்றார்.

"டாக்டர் சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தாம்மா வருவாரு."

"வரட்டும். குந்திகினு கீறேன்."

எழுதிக் கொடுத்தேன். மாலை வரிசையில் முதல் டோக்கன். அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டு, அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டோக்கன் கேட்டால் கொடுக்கத்தானே என்னை உட்காரவைத்திருக்கிறார்கள்.

செய்தி தெரிந்து கோமளா மாடி வார்டிலிருந்து இறங்கி வந்தாள். முகம் கறுத்திருந்தது. "அம்மா, மானத்த வாங்காத. ஊட்டுக்குப் போ" என்றாள் தாழ்ந்த குரலில்.

"நான் இன்னா சத்தமா போட்டேன்? நீ உன் வேலையப் பாரு. மேல யாரோ கூப்புட்றாங்க பாரு" என்றார் பட்டம்மா.

மேலே உண்மையிலேயே யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோமளா போய்விட்டாள்.

அந்த நாள் முழுக்க அவர் அசையவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள், "உங்களுக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் குரலை உயர்த்தாமல், "எனக்கு ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு சர்ட்டிபிகேட்டு இவங்க பீரோல கீது. நாளான்னிக்கு கெவர்மெண்டுல காட்டணும்" என்று சொன்னார். கேட்டவர்கள் மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு மணி வாக்கில் கூட்டம் இல்லை. பட்டம்மா என் மேஜையருகே வந்து நின்றார். "நீ எம் பொண்ணோட கூடப் படிச்சவதானே. எங்க ஊட்ல சாப்ட்டுகீற. உண்மையச் சொல்லு. சாவி எங்க கீது?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். நான் டோக்கன் நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ காரணங்களைப் பிறகு யோசித்துச் சேர்த்திருக்கிறேன். வேலை போய்விடும், இன்சார்ஜ் சிஸ்டரே சும்மா இருக்கிறார், எனக்கும் அதே பீரோவில் ஒரு உறை இருக்கிறது. எல்லாம் பிறகு வந்தவை. அந்த நிமிடத்தில் எந்தக் காரணமும் மனதில் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

ஐந்தேகாலுக்கு டாக்டர் வந்தார். நான் முதல் டோக்கனைக் கூப்பிட்டேன், கூடவே உள்ளே போய் டாக்டர் பக்கத்தில் நின்றேன். அது என் வேலை. டாக்டர் தலை நிமிராமல், "என்னம்மா பண்ணுது?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் பண்ல சார்" என்று தொடங்கி, காலையிலிருந்து எல்லோரிடமும் சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னார் பட்டம்மா. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சாவி உங்ககிட்ட இருக்குன்னு நெனச்சேன் சார்" என்றார் மேனேஜர்.

"எங்கிட்ட ஏதுப்பா சாவி?" டாக்டர் சுற்றிலும் பார்த்தார். அங்கே நான் மட்டும்தான் நின்றிருந்தேன். "சிஸ்டர், சாவி எங்க இருக்கும்?"

"டிராயர்ல இருக்கு சார்" என்றேன்.

டாக்டருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எடுத்துக் குடுத்து அனுப்புங்க" என்று மட்டும் சொல்லி, சீட்டில் எதையோ எழுதி நீட்டினார். பட்டம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருக்கும். சாதாரணமாகத்தான் பார்த்தார், ஒரு சட்டையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

நானே போய்ப் பழைய சார்ட்டுகளை நகர்த்திச் சாவியை எடுத்தேன். பட்டம்மா பின்னாலேயே வந்தார். பீரோவைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். அவர் சான்றிதழை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, என் பக்கம் நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பேரப் படி."

"கோமளா."

"அப்பா பேரு?"

அதையும் படித்தேன். இரண்டு மணிக்கு நான் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும், நான் படித்ததைக் கேட்டுக்கொண்டு தாளை உறைக்குள் வைத்தார். பிறகு மேல் தட்டைக் காட்டி, "உன்னுதும் அங்கதான் கீதா?" என்றார். ஆமாம் என்றேன். "இப்பவே எடுத்துக்கோயேன்" என்றார்.

நான் பீரோவைப் பூட்டிச் சாவியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

கோமளாவுக்கு வேலை கிடைத்தது. திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில். அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் சென்னீர்குப்பம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்திலேயே வரிசையாகத் தயார் செய்துகொண்டு போனேன். பட்டம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அடுப்படியிலேயே தட்டுப் போட்டு உட்காரவைத்தார். "உங்க டாக்டரு சும்மா அனுப்பாம சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. தெனம் ஒண்ணு முழுங்கறேன். கை வலி கொஞ்சம் கொறஞ்சிகீது" என்றார். கோமளா சிரித்தாள். நான் தயார் செய்ததைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். வெளியே வந்து செருப்பு போடும்போது கோமளா என்னிடம், "நானா இருந்தாலும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன், விடு" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் இரண்டு வருடமும் முழுதாக வேலை பார்த்து, என் உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரிகள். கோமளா முதலில் மாதம் ஒரு கடிதம் எழுதினாள், பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை, இப்போது பண்டிகைக்குப் போனில் ஒரு விளக்குப் படம் வருகிறது. பட்டம்மா மகளோடு போய் அந்த ஊரிலேயே இருந்தார். அவர் இறந்த செய்தி எனக்கு எட்டியபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி நிற்கிறது. பட்டறைகளும் பாதிக்கு மேல் போய்விட்டன. புதிதாக வேலைக்கு வரும் பெண்களின் சான்றிதழை இப்போது போனிலேயே சரிபார்த்துவிடுகிறார்கள். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது பட்டம்மாவின் வீடு இருந்த வரிசை முழுவதும் போயிற்று. பூந்தமல்லிக்குப் போகிற நாட்களில் பேருந்து அந்த இடத்தைக் கடக்கும்போது, நான் உட்கார்ந்து சாப்பிட்ட அடுப்படி எங்கே இருந்தது என்று ஜன்னல் வழியாகத் தேடிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அது வேறு ஓர் இடமாகத்தான் படுகிறது.