யார் விரிச்சது?

அந்தத் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவரைச் ‘சட்டுப்புட்டு மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யோசனைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வீடு வாடகைக்குப் பார்க்கப் போனால் கதவு திறந்ததுமே அட்வான்ஸைக் கொடுத்துவிடுவார். குழாயில் தண்ணீர் வராது என்பது குடிபோன பிறகு தெரியும். அதே கம்பெனியில், வெட்டும் மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரிக்கும் வேலைக்கு வந்த பெண்ணிடம், அவள் பெயர்கூடச் சரியாகத் தெரியாமலே, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டவர். அவளும் சரி என்றாள். அவசரத்தில் அவர் செய்த காரியங்களில் அது ஒன்றுதான் உருப்பட்டது. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

வெல்வெட் கோட்டு ஆர்டர் ஒன்று வந்திருந்தது. மறுநாள் லாரி ஏற்ற வேண்டும். முதலாளி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். வெல்வெட்டில் மெல்லிய ரோமம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும், நிறமும் மாறித் தெரியும். அதனால் ஒவ்வொரு அடுக்கையும் மேசைக் கோடியில் வெட்டிவிட்டு, திரும்ப நடந்து வந்து, முதலிலிருந்து ஒரே திசையில் விரிக்க வேண்டும்.

“கோடிக்குப் போனதும் வெட்டாத. அப்படியே மடக்கித் திருப்பிக் கொண்டா. பாதி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார் மாஸ்டர், விரித்துக்கொண்டிருந்த பெண்டாட்டியிடம்.

“வெல்வெட்டுங்க இது. மடக்கினா ஒரு அடுக்குல ரோமம் மேல பாக்கும், அடுத்ததுல கீழ பாக்கும். ஒரே ஒரு கோட்டு தச்சுப் பாத்துட்டு வெட்டலாமே.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? சொன்னதைச் செய்.”

விரித்தாள். அவர் வெட்டித் தள்ளினார். தைத்து மாட்டியபோது ஒவ்வொரு கோட்டும் இடப்பக்கம் கறுத்து, வலப்பக்கம் வெளுத்து, இரண்டு பழந்துணியை ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. மொத்த லோடும் பாழ்.

“யார் விரிச்சது?” என்று முதலாளி கத்தினார்.

கேள்வியைக் கவனியுங்கள். விரிக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. மாஸ்டர் மூச்சுவிடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கை தானாக நீண்டு பெண்டாட்டியைக் காட்டியது. பொய்யும் இல்லை பாருங்கள், விரித்தது அவள்தானே! எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். மிச்சத்தையும் சொல்வார் என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. முதலாளி வேலையை விட்டுப் போகச் சொன்னார்; அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அவள் சண்டை போட்டிருந்தாலாவது அவர் பிழைத்திருப்பார். கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பாடு போட்டாள், வேலை தேடி அலைந்தாள். லோடையே கெடுத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் போய் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

பல மாதம் கழித்து மாஸ்டர் முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“அன்னைக்கு மடக்கி விரிக்கச் சொன்னது நான்தான், சார். அவ வேண்டாம்னுதான் சொன்னா.”

“தெரியும், மாஸ்டர்” என்றார் முதலாளி. “வெட்டுறவர் சொல்லாம யாராவது வெல்வெட்டை மடக்குவாங்களா? யாரையாவது வெளிய அனுப்பினாத்தானே ஆர்டர் குடுத்தவனுக்குப் பதில் சொல்ல முடியும். உங்களை அனுப்பிட்டா வெட்டுறது யாரு? நல்லவேளை, நீங்களே கையைக் காட்டிட்டீங்க.”

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்” என்றார்.

“அப்ப அங்க யாரெல்லாம் இருந்தாங்க?”

“யாருமில்ல. நானும் அவரும்தான்.”

“என்னைக் காட்டினப்ப எல்லாரும் இருந்தாங்க” என்றாள் அவள். பிழிந்த சட்டையை உதறிக் கொடியில் போட எழுந்து போனாள்.