வெண்ணெய் அறைக்காரரும் மஞ்சள் விழுதும்

அத்தானுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை, அதிலும் வெண்ணெய் வைக்கிற அறையில். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டி அடுக்கிய அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றாலே காது மரத்துவிடும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் அதற்குள் போய் வந்துகொண்டிருந்தார். ஊரிலேயே பெரிய ஃபிரிட்ஜுக்குள் வேலை பார்க்கிற மனுஷன், வீட்டில் மட்டும் ஒரு ஃபிரிட்ஜ் வாங்க விடவில்லை. "பகல் பூரா அதுக்குள்ளதான் கிடக்கேன். காலையில எந்திரிச்சா அது மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்பார். அக்கா வாயை மூடிக்கொள்வாள். நான் அக்காவின் தம்பி, அதே வீட்டு மாடி அறையில் இருந்தவன். நடுவில் புகுந்து பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தவிர நான் எதையும் சாதிக்கவில்லை.

வெண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்த அறை வாசலில் அத்தான் காவல்காரர் மாதிரி நிற்பார். சென்ட் அடித்துக்கொண்டு வந்தவனைத் திருப்பி அனுப்புவார். பச்சை வெங்காயம் தின்றவனை வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார். ஒருமுறை மேனேஜரையே, நெற்றியில் தைலம் தடவியிருந்தார் என்பதற்காக, வாசலோடு நிறுத்திவிட்டார். கிடங்கில் அவருக்கு 'மூக்கு' என்றே பட்டப்பெயர். வேறு யாராவதாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். இவர் அதைப் பட்டம் வாங்கியதுபோல வீட்டுக்கு வந்து சொன்னார்.

வயது ஏற ஏறச் சளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து தருகிறேன், ஆனால் குளிருக்குள் போகிறவரை இது விடாது என்று சொல்லிவிட்டார். மேனேஜரும் நல்ல மனிதர்தான். வெளியே லாரி வந்துபோகிற கேட்டில் நாற்காலி போட்டுத் தருகிறேன், அங்கே வந்துவிடுங்கள் என்றார்.

"போற வர்ற வண்டிக்குக் கையாட்டவா? அதுக்கு ஒரு பொம்மை செஞ்சு வெச்சுக்கட்டும்" என்றார் அத்தான்.

"உசுரு இருந்தாத்தானே மத்ததெல்லாம்?" என்றாள் அக்கா.

"அந்த ரூமை விட்டு வந்தா நான் யாரு? அதைச் சொல்லு முதல்ல."

இதே சண்டை வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடந்தது. சண்டை போட்ட கையோடு அக்கா போய் மஞ்சள் விழுது கிண்டுவாள். அடிகனமான சட்டியில் மஞ்சள்தூளைப் போட்டு, அதுபோல இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, தீயைச் சின்னதாக வைத்துக் கிளறுவாள். கையை எடுத்தால் போச்சு, கொப்புளம் வெடித்துச் சுவர் வரை தெறிக்கும். கூழாகத் திரண்டதும் நுணுக்கிய மிளகு, சுக்குத்தூள், இடித்த பட்டை, கிராம்பு. அப்புறம் எண்ணெய். பளபளவென்று சட்டியை விட்டு எழும்பி வரும்போது இறக்கி, ஆறின பிறகு தேன் சேர்ப்பாள். அதில் ஒரு கரண்டி எடுத்துச் சூடான பாலில் கலந்து குடித்தால் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை கணகணவென்று இறங்கும். அக்காவின் நகம் பன்னிரண்டு மாதமும் மஞ்சள். வீட்டு ஸ்விட்சைப் பார்த்தே எந்த விளக்கை அவள் போட்டாள் என்று சொல்லிவிடலாம்.

விழுது நன்றாக வேலை செய்தது. வினையே அதுதான். ராத்திரி குடித்தால் காலையில் நெஞ்சு இளகிவிடும், மனுஷன் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நான் கிண்டிக் குடுக்கறதாலதான்டா அவரு போறாரு" என்று ஒருநாள் கரண்டியும் கையுமாகத் திரும்பி என்னிடம் சொன்னாள். "குடுக்கலைன்னா விடிய விடிய இருமறாரு. கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியல. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல்தான் வந்தது.

வெயில் காலத்தில் விழுது சீக்கிரம் பூசணம் பூத்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தோள்பட்டை விட்டுப்போகிறது என்று அக்கா ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அத்தானுக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதைக் காட்டுகிற விதம்தான் எப்போதும் கோணல். "மொத்தமா ஒரு பாட்டில் கிண்டிக் குடுத்துடு. கெடாம வெச்சுக்க எனக்கு இடம் இருக்கு" என்றார். எந்த இடம் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம், அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வந்தார்.

வைத்த இடம் வெண்ணெய் அறை. பின்வரிசைப் பெட்டிகளுக்குப் பின்னால், பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். ஊருக்குத்தான் உபதேசம். ஆனால் அவர் அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை. மூடியை இறுக்கியாயிற்று, அப்படியே வாசனை கசிந்தாலும் முதலில் தெரியப்போவது தன் மூக்குக்குத்தானே என்று நினைத்தார். விறைத்த விரலால் தினமும் திறந்து மூடியதில், மூடி எந்த நாளில் ஏறுமாறாக உட்கார்ந்ததோ, யார் கண்டது.

கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவர் ஒருவர் மிச்சத்தைப் பின்னால் எனக்குச் சொன்னார். பிஸ்கட் போடுகிற பேக்கரிக்காரர் ஒருநாள் வெண்ணெய்ப் பெட்டியைத் திருப்பி எடுத்து வந்திருக்கிறார். "கஷாயத்துல மாவு பிசைஞ்ச மாதிரி இருக்கு சார். வாயில வைக்க முடியல." மேனேஜர் ஒரு துண்டு வெட்டி முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். அங்கே நின்றவர்களும் ஆளுக்கொரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். கடைசியாக 'மூக்கைக் கூப்பிடுங்க' என்றார்கள்.

அத்தான் வந்தார். முகர்ந்தார். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதுல என்ன குத்தம் கண்டீங்க? அருமையான வெண்ணெய்" என்றார்.

பேக்கரிக்காரர் பெட்டியை அவர் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "நிஜமாவே தெரியலையா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தான் மறுபடி முகர்ந்தார். குல்லாவைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு யாரும் கேட்காமல் தானே பின்வரிசைக்குப் போய், பாட்டிலை எடுத்து வந்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

"நான்தான் வெச்சேன். நாளையிலேருந்து கேட்டுக்கு வந்துடறேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நானும் அக்காவும் சமையலறையில் இருந்தோம். வாசற்படியில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு மூக்கு போயிடுச்சு" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்பலேருந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. ஒருநாள் விழுது அடிபிடிச்சுக் கரியாப் போச்சு. தெரு வரைக்கும் தீஞ்ச நாத்தம். கொட்டலாம்னு சட்டியை எடுக்கறேன், நீங்க உள்ள வந்து அதுலயே ஒரு கரண்டி கலந்து குடிச்சிட்டு, இன்னிக்குப் பதமா வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை நாள் இவரோட மல்லுக்கட்டினியே அக்கா. மேனேஜர் காதுல இந்த ஒரு வார்த்தையைப் போட்டிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்களே. ஏன் சொல்லல?"

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவரா வரணும்னுதான்டா சண்டை போட்டேன். நாலு பேர் முன்னாடி அவரைப் பிடிச்சு வெளிய தள்ளவா போட்டேன்?" என்றாள்.

அத்தான் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான். அக்கா அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, பாலை அடுப்பில் ஏற்றினாள்.

இப்போது அவர் கேட்டில் உட்காருகிறார். இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. வெயிலைத் திட்டுகிறார், லாரிக்காரர்களைத் திட்டுகிறார், நாற்காலியைத் திட்டுகிறார். ராத்திரிப் பால் மட்டும் தப்பாமல் நடக்கிறது. ஆனால் டம்ளரை வாங்கியதும் முன்போலக் குடித்துவிடுவதில்லை. அக்காவிடமே திருப்பி நீட்டி, "பாரு" என்கிறார்.

அவள் முகர்ந்து பார்த்து, "சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு, மத்தபடி சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் குடிக்கிறார்.