அத்தையின் கம்பெனி

அத்தை வேலை பார்த்த செல்போன் கம்பெனியை மூடியபோது எனக்கு முழுப் பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பையும் ஹாஸ்டல் தலையணையுமாக அவள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். நைனாவுக்கு ஒரே தங்கை. திருவண்ணாமலை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த நைனா, கழற்றிய டயரை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவளை அழைத்துவந்தார்.

அதுவரை அத்தை எங்களுக்குப் பண்டிகை விருந்தாளி. வரும்போதெல்லாம் எனக்கு வாசனை ரப்பர் கொண்டுவருவாள். தான் கோத்த போன் இந்நேரம் எந்த தேசத்தில் யார் காதில் இருக்கிறதோ என்பாள். அதைக் கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கும். செஞ்சியைத் தாண்டி உலகம் இருக்கிறது என்பதற்கு அப்போது என்னிடமிருந்த ஒரே அத்தாட்சி அத்தைதான்.

இந்த முறை ரப்பர் இல்லை. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் அனந்தபுரத்திலிருந்து ஆள் வந்தது. தாம்பூலம் மாற்றி, முகூர்த்தநாளும் குறித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், சம்பாதிக்கிற பெண் என்றுதானே ஒத்துக்கொண்டோம், இப்போது அதுவும் இல்லையென்றால் எப்படி என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வந்தவர் மோரை நிதானமாகக் குடித்துவிட்டுப் போனார். அன்றுதான் அத்தை தன் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

தெருப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். உள்ளறையில் இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்றோ, கேட்கக்கூடாது என்றோ தெரியாத ஒரு குரலில், வேலையும் போய் வயசும் ஏறின பெண்ணுக்கு இனிமேல் இரண்டாம்தாரமாக வந்தாலும் யோசிக்கக்கூடாது என்றார்கள். வெண்டைக்காய் வாடினால் விலையைக் குறைத்துத்தானே கேட்பார்கள் என்று ஒருத்தி உவமையும் சொன்னாள். அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

பிறகு ஒரு விடியற்காலை, யாரும் எதிர்பாராமல், அத்தை தலைக்குக் குளித்து, துவைத்த சுடிதார் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள்.

“அண்ணி, மேனேஜ்மென்ட் மாறிடுச்சி,” என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நைனா சிரித்தார். புரிந்துகொள்ளும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

அத்தை எனக்குச் சொன்னது இது. அவர்கள் கம்பெனியில் அவள் வேலை செய்த பிரிவு ஒரு சமயம் நஷ்டத்தில் ஓடியது. பெரிய அதிகாரியாக ஒரு அம்மாள் புதிதாக வந்தார். சூப்பர்வைசர்கள் எல்லாம் வரிசையாக நின்று, இது ஓடவில்லை, அது சரியில்லை, இந்தப் பெண்களுக்கு வேகம் போதாது என்று குறைகளை ஒப்பித்தார்கள். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, இங்கே நன்றாக ஓடுவது எது, அதைக் காட்டுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம் என்றாராம். தூரத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்த அத்தை அன்று முழுக்க அந்தக் கேள்வியையே தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

“என்னையும் எல்லாரும் நஷ்டம்னுதான் சொல்றாங்க. நானும் படுத்துக்கினு அதையேதான் சொல்லிக்கினு இருந்தேன். இனிமே நான் ஒரு கம்பெனி. நான்தான் மொதலாளி. நீ செக்ரட்டரி. தெனம் மீட்டிங்.”

மீட்டிங் வீட்டில் வைக்க முடியாது, வெண்டைக்காய் உவமைக்காரிகள் வருவார்கள். ஆகவே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சி என்று முடிவானது. கோட்டை வாசல் திறந்ததும் டிக்கெட் வாங்குவாள். அது கம்பெனிச் செலவு. சின்னப் பிள்ளை என்று எனக்கு டிக்கெட் கிடையாது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

செஞ்சியிலேயே பிறந்தவள்தான் நான். ஆனால் அந்த லீவுக்கு முன்னால் மலையை ஏறெடுத்துப் பார்த்ததாகவே நினைவில்லை. அது எப்போதும் அங்கே இருந்தது, கரண்ட் கம்பம் மாதிரி. அத்தையோடு ஏறியபோதுதான் அதன் பிரம்மாண்டம் எனக்குப் புலப்பட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக யானை யானையாக உருட்டி வைத்த பாறைகள். கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டியதும் காற்று மாறிவிடும். குரங்குகள் படிகளில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பையையும் சோதனை போடும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவின்மேல் ஒரு சின்னப் பாலம். கீழே பார்த்தால் இருட்டும் புதரும். நான் கண்ணை மூடிக்கொண்டு அத்தையின் துப்பட்டாவைப் பிடித்தபடி அதைக் கடப்பேன். கடந்து மேலே போய் நின்றால் ஊர், ஏரி, சுண்ணாம்பு மண்டபம், பக்கத்து மலைகள், திண்டிவனம் ரோட்டில் எறும்பாக ஊரும் பஸ் எல்லாம் காலடியில். அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு அத்தனையையும் மேற்பார்வை பார்ப்பாள். காற்றில் அவள் துப்பட்டா கொடிபோல் அடித்துக்கொள்ளும். அந்த ராஜ்யம் அவளுடையது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

ரங்கநாதர் கோயில் நிழலில் மீட்டிங். முதல் விஷயம், இந்தக் கம்பெனியில் நன்றாக ஓடுவது எது? முதல் நாள் முதலாளிக்குப் பதில் தெரியவில்லை. செக்ரட்டரிதான் யோசித்து, நீ கலையாமல் ஜடை பின்னுவாய் என்றேன். அத்தை அதைச் சிரிக்காமல் ஏற்றுக்கொண்டாள். மறுநாள், ஊசியில் ஒரே தடவையில் நூல் கோப்பாய் என்றேன். அதற்கடுத்த நாள், இங்கிருந்தே அது எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுகிறாய் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையசைத்து, சேத்துக்கோ என்பாள். எங்கே சேர்ப்பது என்று நான் கேட்டதில்லை. மனசில்தான் சேர்த்தேன்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. சில நாள் பேசாமலே ஏறி, பேசாமலே உட்கார்ந்திருந்து, பேசாமலே இறங்கியிருக்கிறோம். கம்பெனி என்றால் அப்படியும் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒருநாள் ஏறும்போதே கீழே ஊரிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. கல்யாண மண்டபத்தின் ஸ்பீக்கர் சத்தம் மலையில் மோதி மோதி வந்தது. நல்ல முகூர்த்தநாள், செஞ்சியில் எந்த மண்டபமும் காலியில்லை என்று நைனா முந்தின நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைக்குக் குறித்திருந்த நாளும் அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பாலத்தின் நடுவில் அத்தை நின்றுவிட்டாள். நான் வழக்கம்போல் கண்ணை மூடியிருந்ததால் அவள்மேல் முட்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நாதஸ்வரம் நின்று கெட்டிமேளம் கொட்டியது. அது ஓய்ந்து வேறு பாட்டு ஆரம்பித்தும் அவள் நகரவில்லை.

அப்புறம் திரும்பாமலே கேட்டாள்.

“செக்ரட்டரி, இந்தக் கம்பெனிய மூடிடலாமா?”

பதவிக்கு வந்தபிறகு என்னிடம் கேட்கப்பட்ட முதல் பெரிய கேள்வி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எப்படிப் பதில் சொன்னால் பொறுப்பாக இருக்கும் என்று யோசித்தேன்.

“மீட்டிங்ல பேசாம எப்பிடி அத்த மூடறது? மேல போயி பேசிட்டுதான் சொல்லணும்.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி கோணியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. பாலத்திலேயே உட்கார்ந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் சட்டை நனைந்துபோனது. சிரித்தாலும் கண்ணில் தண்ணீர் வரும் என்று தெரிந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறிவந்த வெளியூர்க்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மேலே போய் மீட்டிங் நடந்தது. அத்தை பையிலிருந்து உடைந்த போனை எடுத்தாள். அதை அவள் இத்தனை நாளும் கூடவே சுமந்துகொண்டு ஏறியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளத்தில் எறியப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஊக்கைக் கழற்றி, துப்பட்டாவைக் கல்தரையில் விரித்து, போனின் முதுகைத் திறந்தாள். பேட்டரி, சிம், அதற்குள் பச்சைத் தகடு. வளைந்திருந்த தகரத்தை ஊக்குமுனையால் நிமிர்த்தினாள். ஊதினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்தன. அத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்குள் இந்த விரல்கள் எங்கே ஒளிந்திருந்தன என்று வாய்பிளந்து பார்த்தேன். குரங்கு ஒன்றும் வந்து, எட்ட உட்கார்ந்து பார்த்தது.

விரிசல் விழுந்த கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தது. நான் கைதட்டினேன். அத்தை தட்டவில்லை. தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத சேத்துக்கோ,” என்றாள்.

மலைமேல் டவர் நன்றாக எடுத்தது. யாரிடமிருந்தாவது ஏதாவது வருகிறதா என்று கொஞ்சநேரம் போனைப் பார்த்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, இட்லி ஊத்துங்க அண்ணி, வந்துக்கினே இருக்கோம் என்றாள்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த செல்போன் கடைக்கு அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் நைனாவுக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர். பொம்பளைப் பிள்ளை, கவுண்டரில் நின்று ரீசார்ஜ் பண்ணினால் போதும், வீட்டுச் செலவுக்கு ஆகும் என்று இரக்கத்தோடு சொன்னார். அத்தை நன்றி சொல்லிவிட்டு, கவுண்டர் வேண்டாம், சர்வீஸ் டேபிள் வேண்டும் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்கு ஆகாது என்று அவர் டப்பாவில் கொட்டி வைத்திருந்த போன்களை அத்தை காட்டினாள்.

“அத எங்கிட்ட குடுங்க. ஓட வச்சிட்டு வரேன். அப்புறமா சம்பளம் பேசலாம். ஆனா அத நான்தான் சொல்லுவேன்.”

குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. மலை உச்சியில் இடுப்பில் கைவைத்து நின்ற அதே ஆள்தான் அங்கே நின்றாள். கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு டப்பாவை எடுத்து நீட்டினார். நான் அவரைப் பெருமையோடு பார்த்தேன், எங்கள் முதலாளி எப்படி என்பதுபோல.

இப்போது அத்தைக்குச் சொந்தக் கடை இருக்கிறது. உள்ளே சர்வீஸ் டேபிள் முழுக்கப் பெண்கள். அவள் பிற்பாடு தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாமா கவுண்டரில் நின்று ரீசார்ஜ் பண்ணுகிறார். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணிடம் அத்தை முதலில், உனக்கு நல்லா வர்றது இன்னா என்றுதான் கேட்பாள். அந்தப் பெண்கள் திருதிருவென்று விழிக்கும்போது எனக்கு ரங்கநாதர் கோயில் நிழல் ஞாபகம் வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாலத்தில் சிரித்த அன்று வீட்டுக்கு வந்து நான் இட்லி சாப்பிடும்போது, அத்தை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததை நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பாலத்து நடுவில் நின்று கம்பெனியை மூடிவிடலாமா என்று அத்தை கேட்டதையும், செக்ரட்டரி என்ற முறையில் நான் அதைத் தடுத்ததையும். அம்மா சட்னிக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எனக்கு இன்னும் இரண்டு இட்லி தேவையாக இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முட்டி வலிக்காரி, மாடிப்படிகூட ஏறாதவள். எனக்கும் கொஞ்சம் நடந்தா நல்லதுதான் என்றாள். அத்தையும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த லீவு முடிகிறவரை அம்மா ஒருநாளும் தவறவில்லை. படிக்குப் படி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எங்கள் மீட்டிங்கைத் தாமதமாக்கினாள். பாலம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ வேகம் வந்து அத்தைக்கு முன்னால் போய் நிற்பாள்.

அம்மாவுக்கு என்ன பதவி என்று அத்தையிடம் கேட்டேன். பார்ட்னர் என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மலையேறவே தெரியாத ஒருத்தியை எனக்கு மேலே வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில், அன்று மலை இறங்கி வீடு சேரும்வரை நான் அவர்கள் இருவரோடும் பேசவில்லை.