வேம்புலியம்மாள் இறங்கிய பிறகு

லத்தீஃபா அக்காவின் பழைய ஆம்னி வேனில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. சூடு காட்டும் முள் செத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. அதற்குப் பதிலாக வேம்புலியம்மாள் இருந்தார். வண்டி ஓட்டும் அக்காவுக்குப் பக்கத்தில், இன்ஜினுக்கு மேலேயே உட்காருவார். "சுடுதும்மா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் லேசாக எழுந்தால், அக்கா வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

நூம்பலிலிருந்து பாடித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வண்டி அது. பல ஊர் சுற்றிவிட்டு வந்த நான், பாடியில் ஒரு தற்காலிக வேலை கிடைத்து, பின் இருக்கையில் இடம்பிடித்திருந்தேன். கோடையில் வேம்புலியம்மாள் வராத நாட்களில் வண்டி இரண்டு முறை கொதித்து நின்றுவிட்டது. தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஜெபா எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு வாட்டி நடு ரோட்ல நின்னா, நாங்க பஸ்ஸுல போய்க்கிறோம்க்கா. தப்பா நெனச்சிக்காத."

அந்த நேரம் பார்த்துத்தான் வேம்புலியம்மாள் வேலையை விடுவதாகச் சொன்னார். மகளுக்குப் பிரசவம். மாதக் கடைசியில் செய்யாறு கிளம்புகிறார்.

"நீ போய்ட்டா எனக்கு யாரு சொல்லுவா?" என்றார் அக்கா.

"இன்னா பண்றது? என் முதுவக் கழட்டிக் குடுத்துட்டா போவ முடியும்?"

அக்கா கல்யாணத்துக்கு முன்பு அம்பத்தூரில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனியில் ஈயம் பற்றவைத்தவர். ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சிறிய போர்டும், சூட்டை எண்ணில் காட்டும் கண்ணாடியும், திருகி மாட்டுகிற சென்சாரும் வாங்கி வந்தார். யூடியூபில் ஒரு தமிழ்ப் பையன் பேசுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இணைத்தார். சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டபோது நூறு காட்டியது. அதை இன்ஜினில் திருகி மாட்டியவர் அவர் கணவர் உஸ்மான் கனி. பிளம்பர்.

மறுநாள் வேலப்பன்சாவடியில் இருபத்தொன்பது. கோயம்பேட்டில் முப்பத்தெட்டு. பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். திருமங்கலம் சிக்னலில் வேம்புலியம்மாள் எழுந்தார்.

"சுடுதும்மா."

"நாப்பத்தொண்ணுதான் காட்டுது. எங்க ஊட்டுக் குழாய்த் தண்ணியே அவ்ளோ சூடா கீது. குந்துக்கா" என்றாள் ஜெபா.

"என் முதுவுக்குப் படிப்பு கெடயாது. ஆனா சுடுது."

அக்கா எண்ணைப் பார்த்தார். வேம்புலியம்மாளைப் பார்த்தார். வண்டி ஓரத்துக்குப் போனது. அதற்குள் இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி வந்துவிட்டது. ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்து தண்ணீர் முக்கால்வாசி போயிருந்தது. கண்ணாடி அப்போதும் நாற்பத்தொன்று என்றது. ஜெபா பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் போனார்கள்.

சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். கிளிப்பை மாற்றியாகிவிட்டது. வாசலில் நின்ற வேனிலிருந்து சென்சாரைக் கழற்றி, இரண்டு கம்பி கொடுத்து வெந்நீரில் விட்டார். சரியாகக் காட்டியது. மறுபடி மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். முப்பதுகளிலேயே நின்றது.

"பொறந்த ஊட்ல வாயாடுது, மாமியார் ஊட்ல பேச மாட்டேங்குது" என்றார் உஸ்மான் கனி.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு கம்பியை எடுத்து ஒரு முனையை வண்டியின் இரும்பிலும், மறுமுனையைச் சென்சாரின் பித்தளைத் தலையிலும் வைத்தார். எண் எண்பத்திரண்டுக்குத் தாவியது. கம்பியை எடுத்தார், விழுந்தது. குனிந்து பார்த்தார். திருகின் வாயில் வெள்ளையாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, பைப்புக்குச் சுத்துற டேப்ப சுத்துனீங்களா?"

"பின்ன? தண்ணி வர்ற எடம். சும்மா வுடுவனா? நல்லா மொத்தமா சுத்திகீறேன்."

"வண்டில மாட்டுனா இதுக்கு ஒரு கம்பிதான். இன்னொரு கம்பி வண்டியோட இரும்புதான். கரண்டு போவாம நீங்க நடுவுல மெத்த போட்டு வெச்சிகீறீங்க."

அவர் முகம் வாடியது. "இருபது வருசத்துல நான் மாட்ன ஒரு திருகும் ஒழுவுனதில்ல" என்றார். ஆனாலும் அவரே டேப்பைச் சுரண்டி எடுத்தார். ஒரு செம்பு வாஷர் போட்டு இறுக்கினார். "ஒழுவுச்சின்னா என்ன கேக்காத."

ஒழுகவில்லை. ஆனால் பெண்கள் வரவேண்டுமே. அக்கா ஒவ்வொருத்தியிடமும் போய் நின்று, வேம்புலியம்மாள் கிளம்புகிறவரைக்கும் மட்டும் வரச்சொல்லிக் கேட்டார். வந்தார்கள். அந்த நாட்களில் கண்ணாடிமேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவைத்தார். வேம்புலியம்மாள் எழுந்ததும், எண் ஒத்துப்போகிறதா என்று ஜெபா துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் தொண்ணூற்றைந்து, ஒரு நாள் தொண்ணூற்றாறு. ஒரு நாள் எழுபத்தெட்டிலேயே எழுந்துவிட்டார்.

"இப்ப இன்னாக்கா?"

"கால் மரத்துப்போச்சு. அதுக்கும் எழக் கூடாதா?"

வேன் குலுங்கச் சிரித்தோம்.

அவர் போன பின் வந்த திங்கட்கிழமை, ஜெபா எல்லோருக்கும் முன்னால் வந்து, யாரும் உட்காராத முன் இருக்கையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். எண் காட்டும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது எனக்குப் பாக்கறதுக்கு" என்றார் அக்கா.

"நீ ரோட்டப் பாரு. நான் இதப் பாக்குறேன்."

அக்கா ரோட்டைப் பார்த்துக் கியரைப் போட்டார்.